ககாரின் கலத்தோடு தரையிறங்கவில்லை என்றால் ‘முதல் மனிதர்’ என்ற பெயர் நிற்குமா?

வானாடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கும் நண்பர் ஒருவருக்கும் இடையே சில நாள்களாக ஒரு வாக்குவாதம் முடியாமல் நீண்டுகொண்டிருக்கிறது. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் வஸ்தோக் 1 கலத்தில் பூமியைச் சுற்றி வந்தார் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் ககாரின் கடைசிக் கட்டத்தில் கலத்தை விட்டு வெளியேறித் தனியே பாராசூட்டில் இறங்கினார் என்றும், வான்வெளிச் சாதனைகளைப் பதிவுசெய்யும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் அன்றைய விதிப்படி கலத்திலேயே தரையிறங்கியிருந்தால்தான் சாதனை செல்லும் என்றும், எனவே முறைப்படி விண்வெளிக்குச் சென்று திரும்பிய முதல் மனிதர் 1961 மே 5 அன்று பறந்த அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட்தான் என்றும் அவர் அடித்துச் சொல்கிறார்.

ஷெப்பர்ட் மேலே போய்க் கால் மணி நேரத்தில் கீழே வந்தவர், சுற்றுப்பாதையைத் தொடவே இல்லை என்று நான் சொன்னேன். “விண்வெளியின் எல்லையைத் தாண்டினாரா இல்லையா, அதைச் சொல்” என்று அவர் மடக்கிவிட்டார். எனக்குத் தெரிய வேண்டியவை இவை: ககாரின் தனியே இறங்கியது உண்மையா? உண்மையென்றால், கலத்தோடு இறங்க வகை செய்ய அந்தப் பொறியாளர்களால் முடியவில்லையா, அல்லது வேண்டுமென்றே அப்படி அமைத்தார்களா? அந்த விதியின் கதி என்ன ஆயிற்று? இருவருக்கும் இடையே இருந்த அந்த 23 நாள் வெறும் அதிர்ஷ்டம்தானா?

எறிபாதை

உண்மைதான், ககாரின் தனியாகவே இறங்கினார். வஸ்தோக்கின் கோளம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உயரத்துக்கு வந்தபோது அதன் நுழைவாயில் மூடி கழன்று பறந்தது; உடனே இருக்கை அவரோடு சேர்த்து வெளியே எறியப்பட்டது; பின்னர் இருக்கையும் விலகிக்கொள்ள, அவர் தம்முடைய பாராசூட்டில் சராத்தவ் பகுதியில் ஸ்மெலோவ்கா சிற்றூருக்கு அருகே வயல்வெளியில் இறங்கினார். கோளம் வேறொரு பாராசூட்டில் சற்றுத் தள்ளி விழுந்தது. இதில் விபத்தோ கடைசி நேர முடிவோ எதுவும் இல்லை. வரைபலகையிலேயே தீர்மானமான முறை இது.

ஏன் அப்படித் தீர்மானித்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, கலத்தை விட்டுவிட்டு முதலில் ராக்கெட்டைப் பார்க்க வேண்டும். சோவியத் ராக்கெட் வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலியோவின் ஆர்-7 ராக்கெட் விண்வெளிக்காகப் பிறந்ததன்று. ஐந்து டன்னுக்கு மேல் எடையுள்ள வெப்ப அணுகுண்டுத் தலையைக் கண்டம் விட்டுக் கண்டம் எறிவதற்காக வடிவமைக்கப்பட்டது. குண்டின் எடையைக் குறைப்பதில் அமெரிக்கர்கள் முந்தியிருந்ததால் அவர்களுக்குச் சிறிய ஏவுகணையே போதுமாயிற்று. அந்த வகையில் பின்தங்கியிருந்த சோவியத் ஒன்றியம் பெரிய ராக்கெட்டைக் கட்ட வேண்டியதாயிற்று. ஆயுதத் துறையின் அந்தக் குறையே விண்வெளியில் வரமாக மாறியது. ககாரினின் கலம் ஏறத்தாழ 4.7 டன், அமெரிக்கர்களின் மெர்க்குரிக் கலம் சுற்றுப்பாதையில் 1.4 டன்னைக்கூட எட்டவில்லை.

அவ்வளவு எடையைத் தூக்க முடிந்தவர்களுக்கு மெதுவாகத் தரையிறங்கும் வசதியைச் சேர்க்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். அந்த எடையெல்லாம் எங்கே போயிற்று என்பதில் இதற்கு விடை இருக்கிறது. ஆள் அமரும் பகுதியை அவர்கள் 2.3 மீட்டர் விட்டமுள்ள கோளமாகச் செய்தார்கள். கோளத்தின் மீது காற்று எப்படி மோதும் என்பது எல்லா வேகங்களுக்கும் நன்கு கணிக்கக்கூடியது. எடை மையத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டால், வளிமண்டலத்துக்குள் நுழையும்போது யாரும் கட்டுப்படுத்தாமலேயே கனமான பக்கம் தானாக முன்னே திரும்பிக்கொள்ளும். தஞ்சாவூர்ப் பொம்மை எப்படிச் சாய்த்தாலும் நிமிருமே, ஏறக்குறைய அதே தந்திரம். திசை திருப்பும் கருவி செத்துப்போனாலும் ஆள் பிழைப்பார் என்பது இதில் உள்ள பெரிய நன்மை. அதற்குக் கொடுத்த விலை, கோளம் முழுவதையும் வெப்பக் காப்பால் போர்த்த வேண்டியிருந்தது. கோளம் மட்டுமே ஏறத்தாழ 2.4 டன் ஆயிற்று.

அமெரிக்கர்களுக்குக் கடலும் கப்பல்படையும் இருந்தன. சோவியத் ஒன்றியத்திடம் இருந்தது பரந்த நிலம். பாராசூட்டில் நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் இறங்கும் கலம் நீரில் மோதுவது வேறு, இறுகிய மண்ணில் மோதுவது வேறு. அந்த வேகம் ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். தரையைத் தொடும் நொடியில் எரிந்து வேகத்தைக் குறைக்கும் ஒரு சிறிய ராக்கெட் இருந்தால் சிக்கல் தீரும். ஆனால் 1961-இல் அது தயாராக இல்லை. அதேசமயம், ஏறும்போது ராக்கெட் பழுதானால் ஆளைத் தப்புவிக்க எப்படியும் ஓர் எறி இருக்கை தேவைப்பட்டது. (மெர்க்குரியில் இந்தப் பணியைக் கலத்தின் தலையில் பொருத்திய தப்பிப்புக் கோபுரம் செய்தது.) ஒரே இருக்கையை ஏறும்போதும் இறங்கும்போதும் பயன்படுத்திக்கொண்டார்கள். சிக்கனமான தீர்வு என்றே நான் சொல்வேன். ஏவுதளத்தை விட்டு எழும் முதல் சில நொடிகளில் அது ஆளைக் காப்பாற்றியிருக்குமா என்பது மட்டும் ஐயமே.

இதற்கான ஒத்திகையையும் அவர்கள் செய்தார்கள். 1961 மார்ச் 9 அன்று செர்னூஷ்கா என்ற நாயும், மார்ச் 25 அன்று ஸ்வியோஸ்தச்கா என்ற நாயும் பறந்தபோது, இருக்கையில் ‘இவான் இவானோவிச்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட மனித உருப் பொம்மை அமர்த்தப்பட்டிருந்தது. பொம்மை வெளியே எறியப்பட்டுப் பாராசூட்டில் இறங்கியது; நாய் கோளத்துக்குள்ளேயே இருந்து உயிரோடு தரைக்கு வந்தது. ஆக, கோளத்தோடு இறங்கினால் சாவு நிச்சயம் என்றெல்லாம் இல்லை. ஆனால் முதுகெலும்பைப் பணயம் வைத்து ஒரு மனிதரை அதில் இறக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

பிற்பாடு 1964 அக்டோபர் 12 அன்று வஸ்ஹோத் 1 கலத்தில் மூவரை அடைத்து அனுப்பியபோது எறி இருக்கைகளுக்கு இடமே இல்லாமல் போயிற்று. அப்போதுதான் தரையைத் தொடுமுன் எரியும் ராக்கெட்டைச் சேர்த்தார்கள். கோமரோவ், ஃபியோக்திஸ்தோவ், எகோரோவ் ஆகிய மூவரே கலத்தோடு தரையிறங்கிய முதல் சோவியத் விண்வெளி வீரர்கள். ஏறும்போது தப்பிக்க அவர்களுக்கு எந்த வழியும் இல்லை. விண்வெளி உடையும் இல்லை. கலத்தோடு இறங்குவதுதான் ‘முழுமையான’ பயணம் என்று சொல்கிறவர்கள், அந்த முழுமை எத்தகைய சூதாட்டத்தின் விலையில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

பழங்கோப்பு

பொறியியல் பகுதியை ‘எறிபாதை’ விளக்கிவிட்டார். விதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் நண்பர் சொல்லும் விதி இருந்தது உண்மை. அது விமான யுகத்தின் விதி. உயரச் சாதனைக்காகவோ வேகச் சாதனைக்காகவோ ஒரு விமானத்தை வரம்பு மீறி ஓட்டிவிட்டு, அது சிதறும் நேரத்தில் ஓட்டுநர் குதித்துத் தப்பினால் அதைச் சாதனையாக ஏற்க முடியாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் திட்டமிட்டே ஆளையும் கலத்தையும் தனித்தனியே இறக்கும் ஓர் ஊர்தி வரும் என்று அந்த விதியை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சோவியத் தரப்பு என்ன செய்திருக்கலாம்? “எங்கள் கலம் இப்படித்தான் வேலை செய்கிறது, உங்கள் விதி இதற்குப் பொருந்தாது” என்று வெளிப்படையாக வாதாடியிருக்கலாம். அதைச் செய்யாமல், ககாரின் கலத்திலேயே இறங்கினார் என்ற தோற்றத்தில் ஆவணங்களைக் கொடுத்தார்கள். செய்தியாளர் கூட்டத்திலும் ககாரின் இந்தக் கேள்விக்கு நேரான விடை சொல்லவில்லை. நான்கே மாதத்தில், 1961 ஆகஸ்டில், வஸ்தோக் 2-இல் ஒரு நாளுக்கு மேல் பறந்து 17 முறை பூமியைச் சுற்றி வந்த கெர்மன் தீத்தோவ், தாம் இருக்கையோடு வெளியேறிப் பாராசூட்டில் இறங்கியதைச் சொல்லிவிட்டார். அப்போதே ககாரினின் தரையிறக்கத்தைப் பற்றிய ஐயமும் கிளம்பியது. கூட்டமைப்பு பின்னர் சாதனையை நீக்கவில்லை. மனிதரை ஏவி, சுற்றுப்பாதையில் நிறுத்தி, உயிரோடு மீட்பதுதான் முதன்மையானது என்ற பார்வையில் ககாரினின் பதிவு நிலைத்தது. அதே கூட்டமைப்பு இன்று ககாரின் பெயரிலேயே ஒரு தங்கப் பதக்கம் வழங்கிவருகிறது. விதியைத் தூக்கிப் பிடிக்கும் நண்பரிடம் இந்த ஒரு செய்தியைச் சொல்லிப் பாருங்கள்.

என் கருத்தில் ககாரினின் பெயருக்கு ஏற்பட்ட கறை குதித்ததால் வந்ததன்று, மறைத்ததால் வந்தது. அந்தக் காலத்தில் எல்லாமே மறைவுதான். கொரோலியோவ் 1966 ஜனவரியில் இறந்த பிறகே அவர் பெயர் பொதுமக்களுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் ‘தலைமை வடிவமைப்பாளர்’ மட்டுமே. ஏவுதளம் இருந்த இடம் தியூராத்தம். அறிவித்த பெயரோ பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பைக்கனூர். ககாரின் பறப்பதற்கு இருபது நாள் முன்பு, மார்ச் 23 அன்று, பயிற்சியில் இருந்த வலந்தீன் பொந்தரென்கோ என்ற இளம் வீரர் ஆக்சிஜன் நிறைந்த அறையில் தீப்பற்றி இறந்தார். அந்தச் செய்தி சோவியத் பத்திரிகையில் வெளிவர 1986 வரை ஆயிற்று. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக மூடி வைத்தால், விண்வெளியில் காணாமற்போன வீரர்களைப் பற்றிய கட்டுக்கதைகள் பெருகாமல் என்ன செய்யும்? ககாரினுக்கு முன்பே வேறு யாரோ பறந்து இறந்தார்கள் என்ற புரளிக்கு இதுவரை ஒரு சான்றும் கிடைக்கவில்லை, ஆனால் அந்தப் புரளி முளைத்த நிலத்தை உழுது வைத்தவர்கள் அவர்களேதான்.

ஐந்தாம்தேதி

என் பயனர் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் ஷெப்பர்ட் கட்சி. ஆனாலும் வானாடியின் நண்பர் பிடித்திருப்பது தவறான பிடி. ஷெப்பர்டுக்காக வாதாட வேண்டுமென்றால் பாராசூட்டை விட்டுவிட்டு மார்ச் 24-ஐப் பிடிக்க வேண்டும்.

1961 ஜனவரி 31 அன்று ஹாம் என்ற சிம்பன்சியை ஏற்றிச் சென்ற ரெட்ஸ்டோன் ராக்கெட் (ஷெப்பர்டையும் தூக்கவிருந்த வகை) தேவைக்கு மேல் உந்திவிட்டது. ஏறத்தாழ 185 கிலோமீட்டர் உயர வேண்டிய கலம் 250 கிலோமீட்டரைத் தாண்டியது. விழ வேண்டிய இடத்தையும் கடந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி விழுந்தது. கடலில் கலத்துக்குள் நீர் புகுந்துவிட்டது, ஹாம் பிழைத்துக்கொண்டது. அடுத்ததில் ஷெப்பர்ட் ஏறிவிடலாம் என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் அந்த ராக்கெட்டை உருவாக்கிய வெர்னர் ஃபான் பிரவுனின் குழு ஆளில்லாமல் இன்னொரு சோதனை வேண்டும் என்று உறுதியாக நின்றது. மார்ச் 24 அன்று அந்தச் சோதனை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. அந்த ராக்கெட்டின் மேல் ஷெப்பர்ட் அமர்ந்திருந்தால் விண்வெளியைத் தொட்ட முதல் மனிதர் அவராகவே இருந்திருப்பார். அந்த முடிவு அவரை வாழ்நாள் முழுவதும் உறுத்தியது என்பார்கள். உறுத்தாமல் எப்படி இருக்கும்?

ஆனால் இதை ஃபான் பிரவுன் குழுவின் கோழைத்தனம் என்று திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மறுபக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். 1960 டிசம்பரில் மட்டும் இரண்டு சோதனைக் கலங்கள் தோல்வி கண்டன. டிசம்பர் 1 அன்று பறந்த இரண்டு நாய்களும் திரும்பவில்லை. அதன் பிறகு கொரோலியோவும் அடுத்தடுத்து இரண்டு வெற்றிகளைப் பார்த்துவிட்டே ஆளை ஏற்றினார். அவற்றில் இரண்டாவது மார்ச் 25 அன்று நடந்தது. 23-இல் பொந்தரென்கோவின் சாவு, 24-இல் ரெட்ஸ்டோன் சோதனை, 25-இல் ஸ்வியோஸ்தச்கா. ஒருவர் செய்வது மற்றவருக்கு முழுதாகத் தெரியாமலேயே இரு தரப்பும் அந்த மூன்று நாளில் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. “இன்னும் ஒரு சோதனை” என்று சொன்னதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை.

ஷெப்பர்டிடம் மெச்ச வேண்டியவை வேறு சில உண்டு. அவர் தம் கலத்தின் நிலையைக் கையால் திருப்பிப் பார்த்தார். ககாரினின் கட்டுப்பாடுகளோ எண் பூட்டால் பூட்டப்பட்டிருந்தன. எடையற்ற நிலையில் மனிதர் மனம் பேதலிக்குமோ என்ற அச்சத்தில், திறக்கும் எண்ணாகிய 125 உறையிலிட்டு ஒட்டப்பட்டிருந்தது. (பறக்குமுன் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் அந்த எண்ணை அவர் காதில் போட்டுவிட்டார்கள் என்பது இதில் உள்ள வேடிக்கை.) அமெரிக்கா ஷெப்பர்டின் ஏவலை உலகம் பார்க்க நேரடியாக ஒளிபரப்பியது. தோற்றிருந்தால் அந்தத் தோல்வியும் எல்லோர் கண்ணெதிரேதான் நடந்திருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஷெப்பர்ட் 187 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டவர். எல்லை 100 கிலோமீட்டர் என்று வைத்தால் ஐயமின்றி விண்வெளிக்குப் போனவர். ஆனால் அவருடைய உச்ச வேகம் நொடிக்கு 2.3 கிலோமீட்டர். ககாரினுடையது 7.8. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் ககாரினுக்குத் தேவைப்பட்டது பத்து மடங்குக்கும் மேல். திரும்பி வரும்போது அவ்வளவையும் வெப்பமாகக் கரைக்கவும் வேண்டும். ககாரினுக்கு நிகராக நிறுத்த வேண்டியவர் 1962 பிப்ரவரி 20 அன்று மூன்று முறை பூமியைச் சுற்றிய ஜான் க்ளென். ஆக, உண்மையான இடைவெளி 23 நாள் அன்று, 314 நாள். க்ளெனைத் தூக்க வேண்டிய அட்லஸ் ராக்கெட், ககாரின் பறந்து பதின்மூன்றே நாளில், ஏப்ரல் 25 அன்று நடந்த ஆளில்லாச் சோதனையில் திரும்ப வேண்டிய திசையில் திரும்பாமல் நேரே மேலே ஏறிக்கொண்டிருந்ததால், அதைத் தரையிலிருந்தே வெடிக்கச் செய்ய வேண்டியிருந்தது. மார்ச் 24-இல் ஷெப்பர்ட் பறந்திருந்தால்கூட, ‘விண்வெளியில் முதல்வர்’, ‘சுற்றுப்பாதையில் முதல்வர்’ என்று பட்டம் இரண்டாகப் பிரிந்திருக்குமே தவிர, ககாரினின் பங்கு குறைந்திருக்காது.

வானாடி

மூவருக்கும் மிக்க நன்றி. இவற்றையெல்லாம் நண்பரிடம் வாசித்துக் காட்டினேன். விதி விஷயத்தை விட்டுவிட்டார். ஆனால் இப்போது வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். ககாரின் இறங்கிய சராத்தவ், அவர் புறப்பட்ட தியூராத்தத்துக்கு மேற்கே இருக்கிறது. அவர் கிழக்கு நோக்கிப் பறந்தவர். ஆகவே புறப்பட்ட இடத்தை எட்டுவதற்கு முன்பே இறங்கிவிட்டார், ஒரு முழுச் சுற்றுக்கூட முடியவில்லை என்கிறார். வரைபடத்தைப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகத்தான் தோன்றுகிறது. இதற்கு என்ன சொல்வது?

எறிபாதை

உங்கள் நண்பர் வரைபடத்தைப் பார்த்திருக்கிறார், பூமி சுழல்வதை மறந்துவிட்டார்.

புறப்பட்ட இடம் ஏறத்தாழ 63 பாகை கிழக்கு. இறங்கிய இடம் ஏறத்தாழ 46 பாகை கிழக்கு. தரையை வைத்து அளந்தால் 17 பாகை குறைவுதான், அதாவது 343 பாகை. ஆனால் பயணம் நடந்த 108 நிமிடத்தில் பூமியும் கிழக்கு நோக்கி 27 பாகை திரும்பியிருந்தது. சுற்றுப்பாதை என்பது தரையோடு ஒட்டியதன்று. விண்மீன்களை வைத்தே அதை அளக்க வேண்டும். 343-உடன் 27-ஐக் கூட்டினால் 370. ஏறியதையும் இறங்கியதையும் சேர்த்து, ஒரு முழுச் சுற்றுக்குப் பத்துப் பாகை அதிகமாகவே அவர் போயிருக்கிறார்.

இறங்கிய கதையைக் கேட்டதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. எல்லோரும் அந்தக் கடைசி 7 கிலோமீட்டரைப் பற்றியே சண்டையிடுகிறோம். உண்மையில் அவர் உயிர் ஊசலாடியது அதற்கு முன்பே. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம், வேகத்தைக் குறைத்துக் கலத்தைக் கீழே இறக்கும் எதிர்விசை எந்திரம் எரிந்து நின்ற கையோடு கலம் வேகமாகச் சுழலத் தொடங்கியது. கோளத்தோடு இணைந்திருந்த, அந்த எந்திரம் உள்ள கருவிப் பகுதி உடனே கழன்று போயிருக்க வேண்டும். ஒரு கற்றைக் கம்பி விடாமல் பிடித்துக்கொண்டதால் ஏறத்தாழ பத்து நிமிடம் அது கோளத்தோடு சேர்ந்தே உருண்டது. வளிமண்டலத்தின் வெப்பம் அந்தக் கம்பியை எரித்துத் தின்ற பிறகே கோளம் விடுபட்டுத் தன் கனமான பக்கத்தை முன்னே திருப்பிக்கொண்டது. முதல் மறுமொழியில் நான் சொன்ன அந்த எடை மையத் தந்திரம் பலித்தது இங்கேதான்.

அதற்கும் முன்பே ஒரு பிழை நேர்ந்திருந்தது. ராக்கெட்டின் மையக் கட்டம் குறித்த நேரத்துக்குப் பிந்தி நின்றதால், கலம் திட்டமிட்டதைவிட ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரமான பாதைக்குப் போய்விட்டது. அதன் உச்சி 327 கிலோமீட்டர். எதிர்விசை எந்திரம் இயங்காமற் போனால், மெல்லிய காற்றின் உராய்வே பத்து நாளுக்குள் கலத்தைத் தானாகக் கீழே இறக்கிவிடும் என்ற கணக்கில்தான் பத்து நாளுக்கான உணவும் மூச்சுக்காற்றும் வைத்திருந்தார்கள். புதிய உயரத்தில் அந்தக் கணக்கு செல்லாது. கலத்தில் எதிர்விசை எந்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.